தாட்சணியம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தாட்சணியம். இந்தச் சொல்லை எங்கள் ஊரிலே இரண்டு விதமாக வழங்கக் கேட்கிறோம். ஒருவரை வைய வேண்டுமானால், "அவன் தாட்சணியமில்லாதவன்" என்கிறார்கள். இன்னொருவருக்காக இரங்க வேண்டுமானால், "பாவம், தாட்சணியத்தினாலே கெட்டுப்போனான்" என்கிறார்கள். கடை தொடங்கும் மைந்தனுக்குத் தகப்பனார் சொல்லும் முதல் புத்திமதி "தாட்சணியம் பார்த்துக் கடன் கொடாதே" என்பது. அதே தகப்பனார், மாலையிலே ஒருவர் படலையைத் திறந்து வந்து ஒரு காரியம் கேட்டால், முகத்தை முறிக்க மாட்டாமல் "ஓம், பார்ப்பம்" என்று சொல்லி அனுப்புகிறார். இல்லாவிட்டால் பழி, இருந்தால் நட்டம் என்று ஒரு குணம் இருக்குமானால், அதை எம்போன்ற இளைஞர் எப்படிக் கைக்கொள்வது? இந்தக் கேள்வியே எம்மை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

முதலிலே சொல்லைப் பார்ப்போம். தாட்சணியம் வடசொல். தட்சிண என்ற அடியிலிருந்து வந்தது. அந்த அடிக்கு வலப்பக்கம் என்றும், தெற்கு என்றும், இணக்கமான, நேர்மையான என்றும் பொருள்கள் உண்டு. கோயிலிலே நாம் செய்யும் பிரதட்சிணத்திலும் அதே அடிதான் இருக்கிறது. போற்றத்தக்க ஒருவரை நமது வலக்கைப் பக்கமாக இருக்கவைத்து நாம் நகர்ந்து செல்வது பிரதட்சிணம். நாள்தோறும் வீதி வலம் வரும் நமக்கு அது கால் பழகிப்போன காரியம். ஆயினும் அதன் கருத்து, நடுவில் நிற்பவர் நாம் அல்லேம், வேறொருவர். அவரைச் சுற்றியே எமது வழி அமைகிறது என்பதாகும்.

தமிழிலே இக்குணத்துக்கு வள்ளுவர் வைத்த பெயர் கண்ணோட்டம். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் அது. பரிமேலழகர் அதற்கு உரை காணுமிடத்து, தம்மோடு பழகியவர்களைக் கண்டபோது அவர்கள் கேட்பதை மறுக்க முடியாதிருக்கும் தன்மை என்ற கருத்துப்படச் சொல்கிறார். இதைவிடத் தெளிவாகத் தாட்சணியத்துக்கு ஒரு விளக்கம் கிடைக்குமோ தெரியவில்லை. கண் என்பது வெறுமனே பார்ப்பதற்கு மாத்திரம் அன்று. எதிரிலே நிற்பவர்பால் ஓடவேண்டும். ஓடாத கண், கண்ணே அன்று, முகத்திலே உள்ள புண் என்னும் அளவுக்கு வள்ளுவர் கடுமையாகப் பேசியிருக்கிறார்.

இங்கே ஒரு விடயத்தைச் சபையோர் சிறிது கவனிக்க வேண்டுகிறோம். இந்த அதிகாரம் திருக்குறளில் எவ்விடத்திலே இருக்கிறது? அறத்துப்பாலிலே, இல்லறத்தானுக்குச் சொன்ன இனியவை கூறல், அடக்கமுடைமை முதலியவற்றோடு இருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். அங்கே இல்லை. பொருட்பாலிலே, அரசியலிலே இருக்கிறது. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகியவை முன்னே நிற்க, ஒற்றாடல் பின்னே நிற்க, நடுவிலே கண்ணோட்டம் நிற்கிறது. குடிகளை நடுங்கச் செய்யாதே என்று சொல்லி முடித்தவுடன், ஒற்றரை ஆளும் முறையைச் சொல்லத் தொடங்கு முன், அரசனைப் பார்த்து வள்ளுவர் தாட்சணியத்தை உபதேசிக்கிறார். அப்படியானால் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இந்தக் குணம் முதலாவதாக எதிர்பார்க்கப்படுகிறது. தண்டிக்கக் கூடியவன், மறுக்கக் கூடியவன், கதவைச் சாத்தக் கூடியவன் விட்டுக்கொடுத்தால் அது கண்ணோட்டம். மறுக்க வழியே இல்லாதவன் தலையாட்டினால் அதற்கு வேறு பெயர்.

எங்கள் ஊரிலே நெடுங்காலமாகத் தாட்சணியம் ஓடிய திசை வேறு. மழைநீர் பள்ளத்தை நோக்கி ஓடும். எங்கள் மரியாதையோ மேட்டை நோக்கியே ஏறிக்கொண்டிருந்தது. இளையவர் மூத்தவருக்கும், கூலிக்காரர் கமக்காரருக்கும், மருமகள் மாமியாருக்கும், மாணாக்கர் ஆசிரியருக்கும் விட்டுக்கொடுத்தார்கள். திரும்பி வந்தது கொஞ்சம்.

நாம் பேசுகின்ற தமிழே இதற்குச் சாட்சி. தமிழகத்தின் பேச்சிலே பெரும்பாலும் அருகிப்போன "நீர்" என்னும் சொல் யாழ்ப்பாணத்திலே இன்னும் உயிரோடிருக்கிறது. நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள். "வாரும், இரும்" என்று ஆசிரியர் மாணாக்கனை அழைக்கும்போது, அந்தப் பையன் தான் சிறுவன் என்பதையும் மறவாமல், தானும் ஒரு மனிதனாக மதிக்கப்படுவதையும் உணர்கிறான். கணவன் மனைவியை "நீர்" என்று அழைக்கும் வீட்டிலே சண்டை வந்தாலும் ஓர் எல்லையிலே நின்றுவிடும் என்று எமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இவ்வளவு நுட்பமான படிகளை அமைத்துக்கொண்ட அதே ஊரிலே, ஒரு காலத்தில் தலை நரைத்த முதியவரைப் பத்து வயதுப் பையன் "நீ" என்று பெயர் சொல்லி அழைத்தான். முதியவர் மேலிருந்த சால்வையை எடுத்து இடுக்கிக்கொண்டு அவனை "நயினார்" என்றார். மொழியிலே மரியாதைக்குக் குறைவில்லை. அது எவருக்கு உரியதென்று போட்ட கணக்கிலேதான் பிழை இருந்தது. அந்த வழக்கம் இப்போது பெரிதும் ஒழிந்துவிட்டது. ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்வதைக் கேட்டுப் பின்வரிசையிலே சிலர் சிரிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த சில வீடுகள் எமக்குந் தெரியும்.

விருந்தோம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலே நாம் உலகத்துக்கே வழிகாட்டிகள் என்ற எண்ணம் எங்களுக்கு உண்டு. வந்தவர் "வேண்டாம், இப்பதான் குடிச்சனான்" என்கிறார். நாம் விடுவதில்லை. அவர் மறுபடியும் வேண்டாமென்கிறார். அது மரியாதைக்காகச் சொல்வது என்று நாமே தீர்மானித்துக்கொண்டு, சீனியை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணீரைக் கையிலே திணிக்கிறோம். அவருக்குச் சீனிவருத்தம். எங்கள் மனம் நோகக்கூடாதென்று அவர் குடித்துவிட்டுப் போகிறார். இதிலே தாட்சணியம் காட்டியவர் யார்? விருந்து கொடுத்த நாமா, வாங்கிக் குடித்த அவரா? ஒருவர் விருப்பத்துக்கு இணங்குவதற்கு முன் அந்த விருப்பம் இன்னதென்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும். உபசாரத்திலே மூழ்கி அதைக் கேளாமல் விடுகிறோம். அடுத்த வீட்டுக்குச் சென்று மூன்றாவது தேத்தண்ணீரைக் குடித்து வந்த எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

இனிப் பெரியோருக்கும் இளையோருக்கும் இடையிலுள்ள தாட்சணியத்துக்கு வருவோம். எமது சங்கத்திலே இரு பகுதியாரும் இருக்கிறபடியால் இதைச் சிறிது விரித்துப் பேச அனுமதி வேண்டுகிறோம்.

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருமறைக்காட்டிலே ஒன்றாகத் தங்கியிருந்தார்கள். எமது வடகரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் உள்ள வேதாரணியமே அந்தத் தலம். நாவுக்கரசர் முதியவர், சம்பந்தர் பிள்ளைப் பருவத்தினர். அங்கே இருக்கும்போது பாண்டிமாதேவியாரான மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அனுப்பிய செய்தி வருகிறது. சம்பந்தர் மதுரைக்குப் புறப்படுகிறார். நாவுக்கரசர் தடுக்கிறார். சமணர்களாலே தாம் பட்ட துன்பங்களை எடுத்துச் சொல்கிறார். நாளும் கோளும் நன்றாக இல்லை என்கிறார். சொன்னவர் சாமானியரா? சுண்ணாம்பு நீற்றறையிலே கிடந்தவர். கல்லோடு கட்டிக் கடலிலே போடப்பட்டவர். அனுபவத்திலே பழுத்த ஒரு பெரியவர் அன்பினாலே "போகவேண்டாம்" என்கிறார்.

சம்பந்தர் இணங்கவில்லை. ஆனால் இணங்காத விதத்தைப் பாருங்கள். "உங்களுக்கு வயது போய்விட்டது, பயப்படுகிறீர்கள்" என்று சொல்லவில்லை. சொல்லாமற் கொள்ளாமல் இரவோடிரவாகப் புறப்பட்டுப் போகவுமில்லை. பெரியவர் நாளும் கோளும் என்று சொன்ன காரணத்தையே எடுத்து, இறைவன் உள்ளத்திலே குடியிருக்கும்போது ஒன்பது கோளும் அடியாருக்கு நன்மையே செய்யும் என்று ஒரு பதிகம் பாடி விடையிறுத்தார். அதுவே கோளறு பதிகம். இன்று எங்கள் வீடுகளிலே கிரகதோஷம் நீங்கப் படிக்கிறோமே, அந்தப் பதிகம் பிறந்த கதை ஓர் இளையவர் ஒரு பெரியவருக்கு மரியாதையோடு இணங்காமற் போன கதை. நாவுக்கரசர் அதைக் கேட்டு உடன்பட்டார். "என் சொல்லைத் தட்டிவிட்டானே" என்று முகத்தைத் திருப்பவில்லை.

கதை அங்கே முடியவில்லை. மதுரைக்குச் சென்ற காரியம் நிறைவேறி, சம்பந்தர் மீண்டும் சோழநாட்டுக்கு வருகிறார். திருப்பூந்துருத்தியிலே நாவுக்கரசர் இருக்கிறார். எதிர்கொண்டு சென்ற அவர் ஒருவரும் அறியாவண்ணம் கூட்டத்துக்குள்ளே புகுந்து, சம்பந்தரின் சிவிகையைத் தாங்குவோரோடு தாமும் ஒருவராய்த் தோள்கொடுத்து நடக்கிறார். ஊர் நெருங்கியதும் "அப்பர் எங்குற்றார்?" என்று சம்பந்தர் வினவ, "உம்மைத் தாங்கிவரும் பேறு பெற்று இங்குற்றேன்" என்ற கருத்துப்படக் கீழிருந்து விடை வருகிறது. சம்பந்தர் பதைபதைத்துச் சிவிகையினின்றும் இறங்கி வணங்குகிறார். தம் சொல்லைக் கேளாத பிள்ளையைத் தம் தோளிலே சுமந்தார் பெரியவர். சுமக்கப்படுவதை அறிந்த கணமே இறங்கினார் பிள்ளை. மறைக்காட்டையும் பூந்துருத்தியையும் தனித்தனிக் கதைகளாகவே பிரசங்கங்களிலே கேட்டு வந்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் சேக்கிழார் எவ்வளவு பெரியவரென்பது எமக்கு விளங்கியது.

இப்போது எமது பேச்சின் கடினமான பகுதிக்கு வருகிறோம்.

கண்ணோட்ட அதிகாரத்தின் கடைசிக் குறள் சபையிலுள்ள பெரும்பாலோருக்கு மனப்பாடம். பழகியவர் தம் கண்முன்னே நஞ்சை இட்டாலும், கண்ணோட்டம் உடையவர் அதை உண்டு அமைவர் என்பது அதன் கருத்து. நாகரிகம் என்ற சொல்லை வள்ளுவர் ஆளும் இடம் அதுதான். நற்றிணையின் 355ஆம் பாட்டிலும் இதே எண்ணம் வருகிறது. சைவர்களாகிய எங்களுக்கு நஞ்சுண்ட கதை புதியதன்று. தேவர்கள் ஓடிவந்து முறையிட, அவர்களுக்கு இணங்கி ஆலகாலத்தை எடுத்து உண்டு கண்டத்திலே நிறுத்தியவரையே நாம் நீலகண்டர் என்று வழிபடுகிறோம்.

எம்மை நீண்டநாள் உறுத்திய கேள்வி இது. நஞ்சை உண்பது நாகரிகம், சரி. அதை யார் உண்ண வேண்டும்? குறளிலும் தாட்சணியம் காட்டுகிறவனே உண்கிறான். பாற்கடல் கதையிலும் இணங்கியவரே உண்கிறார். மெய்ப்பொருள் நாயனார் அடியார் வேடத்துக்கு விட்டுக்கொடுத்தது தம்முடைய உயிரை. ஒருவருடைய மனம் நோகாதிருக்க நாம் இணங்கும்போது, அந்த இணக்கத்தின் விலை எவருடைய மடியிலிருந்து போகிறது? எமது மடியிலிருந்து போனால் அதைத் தாட்சணியம் என்று சொல்லலாம். அங்கே இல்லாத மூன்றாம் ஆளுடைய மடியிலிருந்து போனால்? எமக்கு இட்ட நஞ்சை நாம் சிரித்த முகத்தோடு வாங்கி அடுத்தவர் வாயிலே ஊற்றியதல்லவா ஆகும்?

(இயற்பகை நாயனார் சரித்திரம் படிக்கும்போது எம்போன்றோருக்கு இவ்விடத்திலே ஒரு தயக்கம் வருவதுண்டு. அவர் கொடுத்தது தம்மையா? அந்த அம்மையார் முதலிலே கலங்கிப் பின்பே மனந்தெளிந்து உடன்பட்டார் என்பதைச் சேக்கிழார் மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்பதோடு இப்போது நிறுத்திக்கொள்கிறோம். பெரியோர் வேறொரு நாள் விளக்கவேண்டும்.)

எங்கள் ஊர்ச் சரித்திரத்தைப் பார்ப்போம். 1930ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் இருக்க வேண்டுமென்ற ஒழுங்கு வந்தபோது யாழ்ப்பாணத்திலே பெரிய எதிர்ப்பு எழுந்தது. பாடசாலைகளுக்குத் தீயும் வைக்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதினொரு வருடங்களின் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அடியார்கள் உள்ளே போகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளிலே தனிப் பேணியும் தனிப் போத்திலும் இருந்த காலம் அது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சாதி காரணமாக எவரும் தமது சமயத்தின் வணக்கத்தலத்துக்குட் செல்வதைத் தடுக்கலாகாதென்று எழுதி வைத்திருக்கிறது.

இவற்றை முன்னின்று எதிர்த்தவர்கள் சிலரே. அவர்களைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அந்நாளிலே எத்தனையோ நல்லவர்கள் இருந்தார்கள். படித்தவர்கள், காந்தியடிகள் 1927இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்கத் திரண்டவர்கள், தனிப்பேணி பிழையென்று வீட்டுக்குள்ளே சொன்னவர்கள். அவர்களைத் தடுத்தது கொடுமை அன்று. தாட்சணியமே தடுத்தது. ஊர்ப் பெரியவரின் முகத்தை முறிப்பது எப்படி? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பர்? கோயில் திருவிழா உபயகாரர் மனம் நோகாதா? என்று எண்ணி வாய்மூடி இருந்தார்கள். நன்மனத்தோடுதான் இருந்தார்கள். அந்த நல்ல மனத்துக்கான விலையை வாசலிலே வெயிலில் நின்றவர்கள் கொடுத்தார்கள். வாய்மூடி இருந்தவர்களுக்கு ஒரு சல்லியும் செலவில்லை.

பழையதைப் பேசுவது எளிது. எங்கள் தலைமுறையின் காரியம் ஒன்றையும் பேசிவிடுவோம். சீதனத்தைச் சொல்கிறோம்.

சீதனம் என்பது யாழ்ப்பாணத்திலே ஆதியில் இழிவான பொருளன்று. ஒல்லாந்தர் காலத்திலே, 1707இல் சட்டமாக்கப்பட்ட தேசவழமையிலே அது பெண்ணுடைய சொத்து. தாய் வழியாக வந்த காணியும் நகையும் மகளுக்குப் போய், அவள் பெயரிலேயே நின்றன. இன்று அதன் பக்கத்திலே வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தமிழிலே பெயர் வைக்கவும் எங்களுக்கு வெட்கமாக இருந்தபடியால் "டொனேஷன்" என்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் கையிலே ரொக்கமாகக் கொடுப்பது அது. பெண்ணின் பெயரிலே அது நிற்பதில்லை.

மாப்பிள்ளை படித்தவர், எங்களோடு பல்கலைக்கழகத்திலே இருந்தவராகவும் இருக்கலாம். விவாத மேடையிலே சீதனக் கொடுமையைக் கண்டித்துப் பரிசு வாங்கியவராகவும் இருக்கலாம். கலியாணம் பேசும்போது அவர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "எனக்கு ஒன்றும் வேண்டாம், அம்மாதான் கேட்கிறா. அம்மாவின் மனத்தை நோகப்பண்ண ஏலாது." இந்த வார்த்தையை நாம் பலமுறை கேட்டுவிட்டோம். கேட்கும்போது எவ்வளவு பண்பாக இருக்கிறது! தாய்க்கு அடங்கிய பிள்ளை. ஆனால் தாயாரின் விருப்பத்துக்கு இணங்கி அவர் கொடுப்பது என்ன? தம்முடைய சம்பளத்தையா? இல்லை. முன்பின் அறியாத ஒரு தகப்பனாரின் வளவையும், அந்தப் பெண்ணின் தம்பி வெளிநாட்டிலே பனிக்குளிரில் இரட்டை வேலை செய்து அனுப்பும் காசையும், அவளுக்குப் பின்னால் இருக்கும் தங்கையின் கலியாண வயதையும் எடுத்துக் கொடுக்கிறார். அம்மாவுக்குத் தாட்சணியம் காட்டினார். அதற்கு வேறு வீட்டார் ஈடு வைத்தார்கள்.

தாய்மார்கள் எம்மைக் கோபிக்கலாகாது. உங்களுடைய பக்கமும் எமக்குத் தெரியும். இரண்டு பெண்மக்களைக் கரைசேர்க்கக் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மகனிடத்திலாவது அதை மீட்கலாமென்று எண்ணுகிறீர்கள். அந்த எண்ணத்திலே பேராசை இல்லை. முன்னே வேறொருவர் இட்ட நஞ்சை நீங்கள் உண்டுவிட்டீர்கள். அடுத்த வீட்டுக்கு அதைக் கடத்தாமல் இங்கேயே நிறுத்தக்கூடியவன் உங்கள் மகன் ஒருவன்தான். நிறுத்தினால் அவனுக்கு நட்டமுண்டு. அம்மாவின் கண்ணீரும் சில மாதம் வீட்டிலே மௌனமும் உண்டு. அவன் உண்ணவேண்டிய பங்கு அது. சம்பந்தர் மறைக்காட்டிலே செய்ததுபோல, அம்மாவின் காரணத்தையே எடுத்து, எழுந்து போகாமல் அருகிலிருந்து, மரியாதையோடு மறுக்க அவனால் முடியாதா? வள்ளுவரும் இந்த அதிகாரத்திலேதானே, தன் கடமை சிதையாதபடி கண்ணோடத் தெரிந்தவனுக்கே உலகம் உரியது என்ற நிபந்தனையைப் போட்டிருக்கிறார்!

விலையைத் தாமே கொடுத்த ஒருவரைக் காணவேண்டுமானால் தில்லைக்குப் போகவேண்டும். திருநீலகண்ட நாயனார் குயவர். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுத்தவர். இளமையிலே வழுவி ஒரு பரத்தையிடம் சென்றதை மனைவியார் அறிந்தார். வீட்டுக் காரியங்களெல்லாம் முறைப்படி செய்தார், கணவரைத் தொடவிடவில்லை. அவர் நெருங்கியபோது, "எம்மைத் தீண்டாதீர்" என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். அந்தக் காலத்துக் கணவர் ஒருவர் அதைத் தட்டிவிட்டுப் போகலாம். ஊரும் அவர் பக்கமே நின்றிருக்கும். நாயனார் தட்டவில்லை. "எம்மை" என்று பன்மையிலே சொன்னபடியால், மனைவியாரை மாத்திரமன்றி வேறெந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று கொண்டார். இருவரும் ஒரே சிறு வீட்டிலே, அயலார் ஒருவரும் அறியாமல், முதுமை வரும்வரைக்கும் அப்படியே வாழ்ந்தார்கள். இறைவன் சிவயோகியாக வந்து குளத்திலே மனைவியின் கையைப் பிடித்து மூழ்கிச் சத்தியம் செய்யும்படி நெருக்கியபோதுதான், ஒரு மூங்கில் தண்டின் இரு முனையையும் இருவரும் பற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

இந்தச் சரித்திரத்தை ஆணையின் மகிமைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். எமக்கு அதிலே வேறொன்றும் தெரிகிறது. மறுக்கும் உரிமை ஊர் வழக்கத்தில் இல்லாத ஒரு பெண், ஒரு வார்த்தையிலே தன் விருப்பத்தைச் சொன்னாள். மீறும் வலிமை உடையவர் அதற்கு முழுவதுமாக இணங்கினார். அரசியலிலே வைத்து வள்ளுவர் சொன்ன கண்ணோட்டம் ஒரு குயவர் வீட்டுக்குள்ளே நடந்திருக்கிறது.

சமயம் வேறுபட்டவர்களோடு எப்படி என்று சிலர் கேட்பார்கள். நாம் படித்தது மிசன் பாடசாலையிலே. காலைச் செபத்தின்போது நெற்றியிலே திருநீற்றோடு எழுந்து நின்றோம். நின்றவரோடு நிற்பது மரியாதை என்று நின்றோம். எமது நம்பிக்கையை ஒருவரும் கேட்டு வாங்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. கந்தசட்டிக் காலத்திலே விரதமிருந்த பிள்ளைகளை மைதானத்திலே ஓடவிடாமல் நிழலிலே இருத்தியவர் ஒரு கிறித்தவ ஆசிரியர்.

இதற்கெல்லாம் பெரிய முன்மாதிரி ஆறுமுகநாவலர். அவர் வெஸ்லியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைசெய்தவர். சைவத்தை ஒருநாளும் விடவில்லை. 1847ஆம் ஆண்டின் கடைசி நாளிலே வண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். மறுவருடம் மிசன் வேலையை விட்டுச் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். பிற்காலத்திலே மிசனாரின் போதனையை அவரைப்போலக் கண்டித்து எழுதியவர் இல்லை. அப்படியிருந்தும் அந்த மொழிபெயர்ப்பிலே அரைமனத்தோடு தமிழ் எழுதினார் என்று எவரும் சொன்னதில்லை. தாம் நம்பாத நூலுக்கும், ஏற்றுக்கொண்ட வேலையென்ற காரணத்தினாலே நல்ல தமிழைக் கொடுத்தார். நாவலர் முகத்தாட்சணியம் பாராதவரென்று பேரெடுத்தவர் என்பதை நினைக்கும்போது இது இன்னும் இனிக்கிறது.

முடிக்கு முன், எமது சங்கத்தின் கையிலேயே இருக்கும் ஒரு சிறு காரியம். திருவிழாக் காலத்திலே கோயில் ஒலிபெருக்கியைக் கட்டி இயக்குவது எமது தொண்டர்களின் பொறுப்பு. கோபுரத்து மேலிருக்கும் அந்த நான்கு குழல்களும் அதிகாலையிலேயே பாடத் தொடங்கிவிடுகின்றன. கோயிலுக்குப் பக்கத்திலே க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், நோயாளிகள் இருக்கிறார்கள், வேற்றுச் சமயத்தவரும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது வந்து முறையிட்டதில்லை. சாமி காரியம், சொன்னால் மனம் நோகும் என்று அவர்கள் எங்களுக்குத் தாட்சணியம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2007இல் எமது நாட்டின் உயர் நீதிமன்றமே இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு இடங்கொடுக்கலாகாதென்று கட்டளையிட்டது. அந்தக் கட்டளையும் பொலிசாரின் தாட்சணியத்தினாலே அலுமாரிக்குள் இருக்கிறது. வருகிற திருவிழாவுக்கு முன் நாங்கள் நான்கைந்து பேர் அயலிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எந்த நேரம் எவ்வளவு சத்தம் அவர்களுக்கு இசையும் என்று கேட்டு வர விரும்புகிறோம். தேத்தண்ணீர் தந்தால் குடிப்போம். செயற்குழு இதற்கு அனுமதி தரவேண்டும்.

எமக்கு ஒதுக்கிய நேரம் கடந்து சில நிமிடங்களாகிவிட்டன. தலைவர் அவர்கள் மேசையிலிருக்கும் மணியைத் தொடுவதும் விடுவதுமாக இருக்கிறார். இவ்வளவு நேரமும் அதை அடிக்காதிருந்த அவருக்கு நன்றி கூறி அமர்கிறோம்.